போரால் குளக்கரையில்

கல்கத்தாவுக்குப் போகிற நம்மவர்களிடம் ஒரு ஜாபிதா இருக்கும். காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம், நேரம் மிஞ்சினால் கரியாஹாட்டில் புடவைக் கடை. (நேரம் மிஞ்சாவிட்டாலும் புடவைக் கடை உண்டு என்பது வேறு விஷயம்.) ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று 2001-ல் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் நாக்குக்குப் பழகிய பெயர் கல்கத்தாதான். அந்த ஜாபிதாவில் போரால் என்ற பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

போரால் ஒரு காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே தனிக் கிராமம். இன்று நகரம் கை நீட்டி அதையும் இழுத்து மடியில் உட்கார்த்திக் கொண்டுவிட்டது. திரிபுரசுந்தரிக்கு அங்கே ஒரு கோயில் இருக்கிறது. 1826-ல் ராஜ்நாராயண் பாசு என்ற பெரியவர் பிறந்த ஊரும் அதுதான். யார் அவர் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து உறவாகவே சொல்லிவிடலாம்: புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரைப் பெற்ற தாயாருக்குத் தகப்பனார்.

இத்தனை பெருமை இருந்தும், நாங்கள் போனது கோயிலுக்கும் அல்ல, பெரியவருக்கும் அல்ல. சினிமாவுக்கு!

"நாங்கள்" என்றால் நானும் என் அக்கா பெண்ணும். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குட்டிக் குட்டிப் படங்கள் எடுப்பாள். அது வரையில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. போன தை மாதம் திடீரென்று, "முழுப் படம் எடுக்கப் போகிறேன், உத்தியோகத்தை விடப் போகிறேன், எனக்கென்று எடுத்து வைத்திருக்கும் வளையல்களைக் கொடு" என்று தாயாரிடம் கேட்டுவிட்டாள். அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு நான் புறப்பட்டபோது, "இவளையும் அழைத்துப் போ. போகிற வழியில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லு" என்று என் பொறுப்பில் விட்டாள். அந்தப் பெண்ணோ ரயில் ஏறியதும் ஏறாததுமாக, "சித்தி, போராலுக்குக் கட்டாயம் போகணும்" என்றாள். அக்கா எதற்காக அனுப்பினாளோ அதற்கு நேர் விரோதமான க்ஷேத்திரம்!

சங்கதி என்னவென்றால், 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காளிப் படத்தை சத்யஜித் ராய் எடுத்த இடம் அது.

கதை முதலில் வந்ததும் நம்முடையதைப் போன்ற ஒரு பத்திரிகையில்தான். 'விசித்திரா' என்ற வங்காளிப் பத்திரிகையில் விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் அதைத் தொடர்கதையாக எழுதினார். 1929-ல் புத்தகமாயிற்று. தமிழிலும் ஆர். ஷண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது. ஏழைப் புரோகிதர் ஒருவர், அவர் மனைவி சர்வஜயா, பெண் துர்கா, பிள்ளை அப்பு, ஒண்டிக் கிடக்கும் ஒரு கிழவி – இவ்வளவுதான் குடும்பம். படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்குச் சொல்லிக் கெடுக்கவும் விருப்பமில்லை.

ராய் அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிற உத்தியோகஸ்தர். 1943-ல் சேர்ந்தவர். குழந்தைகளுக்காக இந்தக் கதையைச் சுருக்கிப் போட்ட பதிப்புக்குச் சித்திரம் வரைய வந்த இடத்தில்தான் இதைப் படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. இந்தக் காலத்தில் 'இன்ஸ்பிரேஷன்' என்கிறார்களே, அது ஏதோ மின்னல் மாதிரி வந்து தாக்குவதாக என் அக்கா பெண் நினைத்துக் கொண்டிருந்தாள். இவருக்கு அது பென்சில் முனையில், சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு நடுவே வந்திருக்கிறது. வந்த பிறகும் மனிதர் அவசரப்படவில்லை. 1947-ல் சிநேகிதர்களோடு சேர்ந்து பிலிம் சொஸைட்டி ஆரம்பித்தார். 1949-ல் ழான் ரென்வார் என்ற பிரெஞ்சு டைரக்டர் கங்கைக் கரையில் ஒரு படம் எடுக்க வந்தபோது, அவருக்கு இடம் காட்டிக்கொண்டு கூடவே சுற்றினார். 1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே இருந்த சில மாதத்துக்குள் நூறு படம் போலப் பார்த்துத் தள்ளினார். அவற்றில் ஒன்று, சைக்கிளைத் திருட்டுக் கொடுத்துவிட்டு ரோமாபுரித் தெருக்களில் தகப்பனும் பிள்ளையும் அலைகிற இத்தாலியப் படம். ஸ்டூடியோ இல்லாமல், நட்சத்திரங்கள் இல்லாமல், தெருவிலேயே படம் எடுக்கலாம் என்று அதைப் பார்த்த பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஊர் திரும்பும் கப்பலிலேயே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்.

மெட்ரோ ரயிலில் கவி நஸ்ருல் என்ற நிலையத்தில் இறங்கினோம். அதுதான் கரியா. அங்கிருந்து ஆட்டோ. நான்கு பேரோடு நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்து, ஒரு அம்மாளின் முருங்கைக் கட்டு என் மடியில் சவாரி செய்ய, போரால் வந்து சேர்ந்தோம்.

படத்தில் கண்ட ஊரைத் தேடினால் ஏமாற்றந்தான். மாடி வீடுகள், மருந்துக் கடை, கைப்பேசிக்குப் பணம் கட்டுகிற கடை, பூஜைக்குப் பந்தல் போட மூங்கில் இறக்குகிற லாரி. அந்த இடிந்த வீடு படத்தில் இருந்த கோலத்தில் இன்று இல்லை. ஆனால் குளம் இருக்கிறது. வங்காளத்தில் குளத்தை எளிதில் அழித்துவிட முடியாது போலும்! இரண்டு வீட்டுக்கு ஒரு குளம். படிக்கட்டில் பாத்திரம் துலக்குகிற பெண், தண்ணீரில் சாய்ந்த தென்னை, நீர்மேல் காலைப் பரப்பிச் சறுக்கும் பூச்சிகள். என் அக்கா பெண் அந்தப் பூச்சிகளைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் மழை வருவதற்கு முன்னால் அவைதான் தண்ணீர்மேல் ஆடும்.

"சித்தி, இதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?" என்றாள்.

ராயின் கோஷ்டி வந்தபோது அந்த வீடு குடியிருக்க லாயக்கற்றுக் கிடந்தது. சொந்தக்காரருக்கு மாத வாடகை கொடுத்து, இடிந்ததில் வேண்டியதை மட்டும் செப்பனிட்டார்கள். அக்கம்பக்கம் ஏகக் கலாட்டா. கூலி மேளம் இல்லாமல் குஷி கொடுக்கிற மனிதர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து, சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள், ஆயுதத்தை எடுங்கள் என்று ஊருக்கு எச்சரிக்கை விடுவாராம். நாளடைவில் அவரே சிநேகிதராகி இவர்களுக்குப் பிடில் வாசித்துக் காட்டினார். ஒலிப்பதிவுக்காரர் உட்கார்ந்த அறையில் பாம்பு வேறு! அடிக்கலாம் என்றால் ஊரார் விடவில்லை. வீட்டைக் காக்கிற பாம்பு என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

கோஷ்டியின் யோக்கியதாம்சங்களைக் கேளுங்கள். காமிராக்காரர் சுப்ரத மித்ராவுக்கு 22 வயது. அதற்கு முன் சினிமாக் காமிராவைக் கையால் ஓட்டியதில்லை. ரென்வார் படப்பிடிப்பை ஓரத்தில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்ததுதான் பள்ளிக்கூடம். சர்வஜயாவாக வந்த கருணா பானர்ஜி ராயின் நண்பருடைய மனைவி, சினிமாவுக்குப் புதுசு. துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தா பள்ளிக்கூடத்துப் பெண், 2024-ல்தான் காலமானார். அப்பு கிடைத்த கதை இன்னும் வேடிக்கை. பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பையன்களை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒரு தகப்பனார் தம் பெண்ணுக்குத் தலைமுடியை வெட்டிப் பையனாக்கி அழைத்து வந்துவிட்டார்! கழுத்தில் இருந்த பவுடர் காட்டிக் கொடுத்துவிட்டது. கடைசியில், பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை ராயின் மனைவி விஜயா பார்த்துச் சொன்னார். ஊரெல்லாம் தேடிய அப்பு மதில் சுவருக்கு அப்பால் இருந்திருக்கிறான்.

கிழவியாக வந்த சுனிபாலா தேவியைப் பற்றி மட்டும் ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். பழைய நாடகக்காரி. ஏறக்குறைய 80 வயது. உலகம் அவரை மறந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. நாளுக்கு 20 ரூபாய் சம்பளம். படத்தில் அவர் பாடுகிற பாட்டு, தம் நினைவிலிருந்தே எடுத்துப் பாடிய பழம்பாட்டு. கிழவியைப் பாடையில் கட்டித் தூக்கிப் போகும் காட்சியை எடுத்த அன்று, காமிரா நின்ற பிறகும் அவர் அசையவே இல்லை. எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் மெள்ளக் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா, யாரும் சொல்லவில்லையே, இன்னும் செத்துக் கிடக்கிறேனே என்றாராம்! படம் தியேட்டருக்கு வருவதற்குள் அவர் நிஜமாகவே போய்விட்டார். அதற்கு முன்னால் ராய் அவர் வீட்டுக்கே படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

குளக்கரையில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி கால்வாசி. நாத்தனார் வீட்டில் கற்ற வார்த்தைகளைக் கோத்து, "சினிமா... ராய்... இந்த ஊர்..." என்றேன். "ஓ, சத்யஜித்பாபு!" என்று, நேற்றுத்தான் வந்து போன அண்ணனைப் பற்றிச் சொல்வது போலக் கையைத் தூக்கி ஒரு பக்கம் காட்டினாள். அப்புறம் பெண்ணின் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஈரக் கையால் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் எடுக்கலாம் என்று அர்த்தம்! வெயிலில் அவள் முகமும் துலக்கிய பித்தளையும் ஒன்றாய்ப் பளபளத்தன.

மறுநாள் பால்சிட் என்ற இடத்துக்குப் போனோம். பர்த்வானுக்குப் போகிற ரயில் பாதையில், சக்திகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. (சக்திகட்டில் லங்சா என்ற ஒரு தித்திப்பு கிடைக்கும். நம் குலாப் ஜாமூனை நீளமாக உருட்டினால் லங்சா. தவற விடாதீர்கள்.) அக்காளும் தம்பியும் வெண்பூக்களுக்கு நடுவே ஓடி முதல் முதலாக ரயிலைப் பார்க்கும் காட்சி அங்கே எடுத்தது. படப்பிடிப்பின் முதல் நாளே, 1952 அக்டோபர் 27-ந் தேதி, அங்கேதான். அந்தப் பூ நம் நாணல் இனம், காஷ் என்கிறார்கள். துர்கா பூஜை வருகிற சமயத்தில் வயல் வரப்பெல்லாம் வெள்ளைச் சாமரமாகப் பூக்கும்.

ஒரு நாள் பாதிக் காட்சி எடுத்தார்கள். மிச்சத்தை எடுக்க அடுத்த வாரம் வந்து பார்த்தால், பூவைக் காணோம்! மாடுகள் மேய்ந்துவிட்டன. அடுத்த வருஷம் மறுபடி பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். அந்த ஒரு காட்சிக்கு மூன்று ரயில்கள் வந்து போக வேண்டியிருந்தது. புகை கறுப்பாக வரவேண்டுமே என்று ஆள் போட்டு எஞ்ஜினில் கரி தள்ளச் சொன்னார்கள். இன்று அந்தப் பாதையில் மின்சார ரயில். புகைக்குப் பதில் கம்பமும் கம்பியும்.

வரப்பில் உட்கார்ந்துதான் அக்கா ஒப்படைத்த காரியத்தை ஆரம்பித்தேன்.

"வளையல் விஷயம் என்ன ஆச்சு?" என்றேன்.

"அவரும்தானே சித்தி அடகு வைத்தார்?"

அவர் எங்கே வைத்தார்? வைத்தது விஜயா அம்மாளின் நகை. ராய் தம்முடைய இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியைப் பணமாக்கினார். ஆசை ஆசையாய்ச் சேர்த்த கிராமபோன் தட்டுகளை விற்றார். அதெல்லாம் கரைந்தபின் மனைவியின் நகை போயிற்று. 1953-ல் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தான். கைக்குழந்தையோடு, கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்த பெண்ணின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சினிமாச் சரித்திரம் எழுதுகிற ஆண்பிள்ளைகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனமில்லை. இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் எத்தனை பெண்கள்! கதாசிரியர் 1950-ல் காலமாகிவிட, அவருடைய மனைவி ரமா, ஒரு படமும் எடுத்திராத இந்த மனிதரை நம்பிச் சம்மதம் கொடுத்தார். நகையும் தீர்ந்து படப்பிடிப்பு மாதக் கணக்கில் நின்றபோது, ராயின் தாயார் தமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் மூலம் முதன் மந்திரி பி. சி. ராயிடம் வழி ஏற்படுத்தினார். அரசாங்கம் பணம் கொடுத்தது. சினிமாவுக்குப் பணம் கொடுக்க ஏது தலைப்பு? படத்தின் பெயருக்குப் 'பாதையின் பாட்டு' என்று அர்த்தமாதலால், சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதினார்கள் என்று சொல்வதுண்டு! மொத்தச் செலவு ஒன்றரை லட்ச ரூபாய்க்குப் பக்கம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒன்று கவனித்தாயா? அவர் உத்தியோகத்தை விடவில்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளுந்தான் படப்பிடிப்பு. மற்ற நாள் ஆபீஸ். அப்புறம், காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து வைத்துக்கொண்டார். எல்லாரும் அவருக்குப் பணம் இல்லை என்பதைத்தான் பேசுகிறார்கள். பத்து வருஷ அப்பியாசம் இருந்ததே, அதை யார் பேசுகிறார்கள்? உன் கதை எங்கே நடக்கிறது?"

"ஹிமாசலப் பிரதேசத்தில்."

"நீ போயிருக்கிறாயா?"

"இல்லை சித்தி. படத்தில் பார்த்திருக்கிறேன். பனி அழகாக இருக்கும்..."

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. லங்சா பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.

படம் 1955 மே மாதம் நியூயார்க் கலைக் காட்சி சாலையில் முதலில் திரையிடப்பட்டது. பிரதியை முடித்து அனுப்புவதற்குள் ராயும் எடிட்டர் துலால் தத்தாவும் இரவு பகல் தூங்கவில்லை. ரவிசங்கர் ஒரே மூச்சில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து சங்கீதம் அமைத்துக் கொடுத்தார். ஊர் திரும்பிய கணவனிடம் சர்வஜயா அழுகிற இடத்தில் அழுகைச் சப்தமே கிடையாது. தார் ஷெனாய் என்ற வாத்தியம் மட்டும் உச்சியில் வீறிடும். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாயாரும் நேராக எழுந்து வீட்டு வேலையைப் பார்க்க முடியாது.

ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தாவில் வெளியாயிற்று. ஹாஜ்ரா பக்கத்து பசுஸ்ரீ தியேட்டரில் முதல் இரண்டு வாரம் சுமார். பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக் கூட்டம் நிரம்பிற்று. ஆனால் ஆறு வாரத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் அந்தத் தியேட்டரை முன்னதாகவே ஒரு ஹிந்திப் படத்துக்குப் பேசி வைத்திருந்தார்கள். யாருடைய படம் தெரியுமா? நம் ஜெமினி வாசனுடைய 'இன்ஸானியத்'! வாசன் அவர்கள் ராயின் படத்தைப் பார்த்துவிட்டு, வீடு தேடி வந்து பாராட்டினாராம். முன்பே தெரிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன் என்றும் சொன்னாராம். யானைகளையும் நூற்றுக் கணக்கான நடனப் பெண்களையும் காட்டி ஜயித்தவர், நாணற்பூவுக்கு மரியாதை செய்த அந்தக் காலை வேளையை யாராவது படம் எடுத்தால் தேவலை.

மறு வருஷம் கான் நகரத்து விழாவில் அந்தப் படத்துக்குப் பரிசு. அதற்குப் பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

வறுமையைக் காட்டிப் பேர் வாங்கினார் என்று ராயைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. போராலுக்குப் போய்விட்டு வந்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு இன்னும் அதிகமாகக் கசக்கிறது. தித்திப்புக்காரன் பின்னால் குழந்தைகள் போக, அவர்கள் பின்னால் நாய் போக, அந்த ஊர்வலம் முழுவதும் குளத்து நீரில் தலைகீழாய்த் தெரியுமே, அதில் வறுமையா தெரிகிறது? (நாய் சும்மா போகவில்லை. துர்காவின் கையில் பின்பக்கமாக ஒரு சந்தேஷ் மறைந்திருந்தது. நாய்க்கும் சம்பளம் உண்டு!)

திரும்புகிற ரயிலில் அக்கா பெண் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துச் சதுரம் சதுரமாய்க் கட்டம் போட்டாள். எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் தள்ளுவண்டி. இன்னொன்றில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. மூன்றாவதில் வேப்ப மரத்து நிழல்.

"நம்ம தெரு இஸ்திரி அம்மாவா?"

"ஆமாம் சித்தி. இருபது வருஷமாக நம் வீட்டுப் புடவையெல்லாம் அவர் கை வழியாய்ப் போகிறது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் துக்கம் என்று துணியைப் பார்த்தே சொல்வார். மரத்தை வெட்டப் போகிறார்களாம். அவர் எங்கே போவார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் நான்காவது கட்டத்தைப் போட ஆரம்பித்தாள்.

அன்றிரவு அக்காவுக்குப் பேசினேன். வளையல் பத்திரம், உத்தியோகம் பத்திரம், ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் வாசலிலேயே படப்பிடிப்பு என்று விவரத்தைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வண்டி போடமாட்டாளேடி!" என்றாள் அக்கா. பிறகு அவளே, "சரி, நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.